கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை

மலாயாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலே, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் மாரியம்மன் கோயிலும் எவ்வளவு நிச்சயமாக இருந்தனவோ, அவ்வளவு நிச்சயமாகக் கள்ளுக்கடையும் இருந்தது. அது ஒளிந்து நடந்த வியாபாரம் அன்று. சர்க்காரின் லைசென்ஸைப் பெற்றுத் தோட்ட நிர்வாகமே நடத்திய கடை. தொழிலாளி குடித்த கள்ளின் லாபம் ஒரு நிதியாகச் சேர்க்கப்பட்டு, அவனுடைய நலத்துக்கே செலவாவதாகக் கணக்கு எழுதப்பட்டது. கள் சத்துள்ள பானம் என்றும், கடையை மூடினால் அவன் சம்சு என்னும் சாராயத்துக்குத் தாவிவிடுவான் என்றும் துரைமார் வாதித்தார்கள். இரண்டாவது வாதத்தை அறவே தள்ளிவிட முடியாது. பிற்காலத்தில் தோட்டப்புறங்களைச் சம்சு எப்படிச் சூறையாடிற்று என்பதைக் கண்டவர்கள் அதை அறிவார்கள். ஆனால் ஒருவனைக் குடிக்க வைத்து, அந்தக் காசிலேயே அவனுக்குப் பரோபகாரம் செய்யும் சாமர்த்தியத்தை நியாயப்படுத்த அது போதுமானதன்று.

எதிர்ப்பு திடீரென்று முளைத்ததல்ல. 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த செய்தி, அந்தப் பக்கத்து ஊர்களை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் காதுகளுக்கு எட்டாமல் இருந்திருக்காது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. பின்னர் ஜப்பானியர் காலமும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தன. அதுவரை துரையின் முன்னே குனிந்தே நின்று பழகிய இளைஞர்கள், அந்த ராணுவத்தில் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். வெள்ளையர் ஆட்சி மீண்டதும், சீனரிடையே பரவியிருந்த அபினிக்குத் தடை விதிக்கப் போவதாக லண்டன் 1943-லேயே அறிவித்திருந்தது. கள்ளுக்கோ அத்தகைய தடை ஒன்றும் இல்லை.

பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பவரைத் தலைவராகக் கொண்டு 1946-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த தொண்டர் படை, இந்தப் பின்னணியில் பிறந்ததுதான். சீருடை, அணிவகுப்பு, கையில் தடி என்று பாதி ராணுவமாகவும், சமூகச் சீர்திருத்தம், கூலி உயர்வு என்று பாதிச் சங்கமாகவும் அது அண்டைத் தோட்டங்களுக்கெல்லாம் பரவிற்று. கள்ளுக்கடைக்குப் போகிறவர்களை வழிமறித்துத் திருப்பியனுப்பியது. அடங்காதவர்களைக் கட்டிவைத்து அடித்ததும் உண்டு. அதை மெச்சுவதற்கில்லை. நாள் முழுதும் பால் வெட்டிக் களைத்த ஒருவனுக்குப் பிரம்படியைச் சிகிச்சையாக விதிப்பது, அவனைக் குடிக்கு விரட்டிய கொடுமையோடு மற்றொரு கொடுமையைச் சேர்ப்பதேயாகும். எனினும், சம்பள நாளன்று வீட்டுக்கு வராத காசை எதிர்பார்த்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்தப் படையின் வரவு எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்துக்குக் கசந்தது அந்தத் தடி மட்டும் அன்று. தன் சொல்லைக் கேட்காத ஓர் ஒழுங்கு தன் நிலத்திலேயே உருவானதுதான். 1947 பிப்ரவரி இறுதியில் கள்ளுக்கடை மறியலையொட்டிப் போலீஸாருடன் நேர்ந்த கைகலப்பில் ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த வாரங்களில் போலீஸார் தோட்டங்களுக்குள் புகுந்து ஏராளமானவர்களைக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் அவர்கள் சுட்டதில் மற்றொரு உயிர் போயிற்று. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தபோது எஞ்சியிருந்ததும் கலைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், அக்கரையில் அரசின் கொள்கையாக இருந்தது இக்கரையில் குற்றமாக இருந்ததென்பது விளங்கும்.

பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின; வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களின் புறம்போக்குகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்தன. அங்கே பிள்ளைகளுக்காகக் காத்திருந்தது கள் அன்று, போதைத் தூள். 1983-இல் மலேசியப் பாராளுமன்றம் போதைப் பழக்கத்தினரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ‘புசாட் செரெந்தி’ என்ற மையங்களில் கட்டாயமாக அடைக்கப்பட்டவர்களுக்கு, ராணுவப் பாணியில் விடியற்காலை அணிவகுப்பும் ஒழுங்குப் பயிற்சியும் மருந்தாக அளிக்கப்பட்டன. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அணிவகுத்தவர்களைச் சிறையிலிட்ட அரசியந்திரத்தின் வாரிசே அதைச் செய்தது என்பதைச் சரித்திரக்காரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2010 முதல் அந்த மையங்களிற் சில, கைது இன்றித் தாமாகவே வந்து சேர்பவர்களுக்கான சிகிச்சை நிலையங்களாக மாற்றப்பட்டன.