துர்க்கை: பெயரும் பொருளும்

துர்க்கை, மகிடாசுரனை வென்ற போர்த்தெய்வம். மூலப்பெயர் ‘துர்கா’. அருமையை உணர்த்தும் ‘துஸ்’ என்னும் முன்னொட்டும், செல்லுதலைக் குறிக்கும் ‘கம்’ என்னும் வினையடியும் சேர்ந்தது. எளிதில் சென்றடைய முடியாதவள் என்பது நேர்ப்பொருள். கோட்டைக்கும் இதே வேரில் பிறந்த ‘துர்கம்’ என்பதே பெயர். நீர், மலை, பாலை, காடு ஆகிய நால்வகை அரண்களையும் அர்த்தசாத்திரம் இச்சொல்லால் குறிக்கிறது.

வேத வழக்கு: ரிக்வேதத்தில் இது தெய்வப் பெயரன்று, கடத்தற்கரிய இடத்தையும் இடரையும் சுட்டும் பொதுச்சொல். முதல் மண்டலத்தின் 99ஆம் பாடல், இடர்களையெல்லாம் தோணிபோல் கடத்திவிடும்படி அக்கினியை வேண்டுகிறது. இப்பாடலே தைத்திரீய ஆரணியகத்தின் பத்தாம் பகுதியில் மீண்டும் வருகிறது. அங்கே அதையடுத்து, தீ நிறத்தவளான துர்க்கையிடம் அடைக்கலம் புகும் செய்யுள் நிற்கிறது. துர்கா சூக்தம் என இன்றும் ஓதப்படுவது இதுவே. இடரின் பெயர் இடரைக் கடத்துபவளின் பெயரானதை இங்கே தெளிவாகக் காணலாம்.

புராண விளக்கம்: தேவி மாகாத்மியம், மார்க்கண்டேய புராணத்தின் 13 அத்தியாயங்களால் ஆனது. அதன் நான்காம் அத்தியாயத்தில் தேவர்கள் அவளைப் பிறவிக்கடல் கடத்தும் தோணி எனப் போற்றுகின்றனர். வேதத் தோணி இங்கே தேவியாகவே ஆகிவிட்டது. பதினொன்றாம் அத்தியாயத்தில், துர்கமன் என்ற அசுரனைக் கொன்று துர்க்கை எனப் பெயர் பெறுவேன் என்று தேவியே கூறுகிறாள். அவன் வேதங்களைக் கவர்ந்ததால் மழை பொய்த்த கதையைத் தேவி பாகவதம் விரிக்கிறது.

சிற்பமும் கோயிலும்: மத்தியப் பிரதேசத்து உதயகிரியில், குப்தர் ஆண்டு 82 (கி.பி. 401–402) பொறித்த குகையில் மகிடனை வதைக்கும் தேவியின் புடைப்புச் சிற்பம் உள்ளது. மாமல்லபுரத்தில் பல்லவர் அவளைச் சிங்கத்தின்மேல் போரிடுபவளாகச் செதுக்கினர். கர்நாடகத்து ஐகொளெயிலுள்ள ‘துர்கா கோயில்’ கோட்டையால் பெயர் பெற்றது. தேவியின் பெயரால் அன்று.

தமிழ் மரபு: தமிழரின் போர்த்தெய்வம் கொற்றவை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவவரி அவளை எருமைத்தலைமேல் நிற்பவளாகப் பாடுகிறது. பின்னர் இரு மரபுகளும் ஒன்றாயின. சோழர்காலச் சிவாலயங்களின் வடபுறக் கோட்டத்தில் எருமைத்தலைமேல் நிற்பவளைத் துர்க்கை என்றே மக்கள் வணங்குகின்றனர்.