ஜவ்வாது மலையும் பாலாற்றுக் கரையும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தின் வரலாற்றைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்கி எழுதுவதே வழக்கம். அவ்வூர்களுக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குவதே முறை என நாம் கருதுகிறோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையை இரு ஆறுகளின் பள்ளத்தாக்கு கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. அகரம் ஆறு வடக்கே இறங்குகிறது. செய்யாறு தெற்கே செங்கத்தை நோக்கிச் செல்கிறது. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் கூறும் சேயாறு இதுவே. இரண்டும் முடிவில் பாலாற்றையே சேர்கின்றன. மலையின் பெயரோ ஒரு நறுமணப் பொருளின் பெயராகவும் வழங்குகிறது. 'ஸபாத்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் ஜவ்வாது ஆயிற்று.

தோல் பதனிடுவோருக்கு மலை தந்த பெருங்கொடை கடுக்காய். சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊற வைப்பர். ஆவாரை சமவெளிப் புதர். ஆனால் அதனால் மட்டும் பதப்பட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதனைத் தடுத்து இளநிறத்தை நிலைநிறுத்தியது இறுதியில் ஊட்டப்பட்ட கடுக்காய்ச் சாறே. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழக் கைகொடுத்த செல்வத்தில், காடு ஏறிக் கடுக்காய் பொறுக்கிய மலையாளிப் பழங்குடியினரின் உழைப்பும் கலந்திருந்தது. நம் ஊர் வரலாறுகள் அவர்களைக் குறிப்பிடுவதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து குடியேறியோர் என்பது அம்மக்களின் மரபுக் கதை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் காப்புக்காடாக்கியபோது, அவர்தம் பயிர்நிலமும் மேய்ச்சலும் அனுமதிக்கு உட்பட்டவையாயின. சந்தன மரம் முற்றிலும் அரசுடைமை ஆயிற்று. ஆயினும் காப்பு என்னும் சொல் சந்தனத்தைக் காக்கவில்லை. களவு வெட்டில் பெரும்பகுதி அழிந்தது.

1970களுக்குப் பின் குரோமிய முறை பரவவே, பட்டைக்கும் கடுக்காய்க்கும் இருந்த தேவை சுருங்கியது. புதிய முறையின் கழிவு பாலாற்றைக் கெடுத்தமை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மலைக்கும் ஊருக்கும் இருந்த பழைய உறவு இவ்வாறு அறுந்தது. பிழைப்புத் தேடி மலை மக்கள் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் ஆந்திரத்திற்கும் இறங்கினர். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி ஆந்திரக் காவல் துறையினர் இருபது பேரைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர்.