யாழ்ப்பாணத்திற் குடும்பப் பெயர்

யாழ்ப்பாணத் தமிழரிடையே வழிவழி தொடரும் குடும்பப் பெயர் பெருவழக்கன்று. தந்தையின் இயற்பெயரே மக்கட்கு முதலெழுத்தாய் அமையும். பேரன் காலத்து அது மறையும். அங்ஙனமாயின், ‘ஆர்னல்ட்’ முதலிய மேனாட்டுப் பெயர்கள் ஈண்டுத் தோன்றியது எவ்வாறு?

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். மாணவர் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலரின் பெயர்களை அம்மாணவர்க்கே சூட்டுதல் அவர்தம் வழக்கம். 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளியிட்ட சதாசிவம்பிள்ளை ‘ஆர்னல்ட்’ எனப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழக முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை ‘கறல்’ எனப்பட்டார்.

இப்பெயர்கள் குருதியுறவைக் காட்டுவன அல்ல. உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு புரவலர் பெயரைப் பெறுதலும், உறவற்ற இருவர் ஒரு பெயரைப் பெறுதலும் கூடும். ஆதலின், பெயரொற்றுமை ஒன்றே கொண்டு குடிவழி துணிதலும் குடித்தொகை கணித்தலும் வரலாற்று நெறியாகா.