அகலத்திரையும் அரசவையும்: ‘ராஜராஜ சோழன்’ (1973) திரைப்படத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர் பண்டார் தெங்காரா. 1972இல் நிறுவப்பெற்ற ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியத்தின் திட்டங்களால் உருப்பெற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. அவ்வட்டாரத்தில் தமிழாசிரியர்களுக்கென நடைபெற்ற ஒரு பயிலரங்கில் ‘ராஜராஜ சோழன்’ திரைப்படத்தின் சில பகுதிகளைத் திரையிட்டு உரையாற்ற நேர்ந்தது. குறுந்தட்டு சுழன்றது, திரையில் தோன்றிய சிவாஜி கணேசன் கால்பங்கு மெலிந்திருந்தார். மணிமுடி நீண்டு, தூண்கள் ஒடுங்கி, அவையினர் அனைவரும் நோயிலிருந்து எழுந்தவர்போல் காட்சியளித்தனர். அவையில் சிரிப்பலை எழுந்தது. தொலைவியக்கியைக் கையில் வைத்திருந்த ஆசிரியர் வேறொரு பொத்தானை அழுத்தினார். இப்போது மன்னரின் முகம் முறையாக இருந்தது. ஆனால் அவருக்கு இருபுறமும் நின்றோரைக் காணவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ‘சரியாகிவிட்டது’ என்று உரையைத் தொடரும்படி நம்மைக் கேட்டுக்கொண்டனர்.

முதற்பிழை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது பிழை தெரியவில்லை. தமிழ்த் திரைப்படத்தை நாம் கற்றும் கற்பித்தும் வந்த முறையின் பெருங்குறை இவ்விரண்டாம் பிழையில் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் மெலிந்த உருவத்தின் காரணத்தைக் காண்போம். 35 மி.மீ. படச்சுருளின் சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது. அதில் மிக அகன்ற காட்சியைப் பதிக்க வேண்டுமாயின் இரு வழிகள் உண்டு: மேலும் கீழும் வெட்டிச் சுருளின் பரப்பை வீணாக்கலாம், அல்லது காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் அமுக்கிப் பதித்து, திரையிடும்போது அதே அளவில் விரிக்கலாம். இரண்டாவது வழிக்குரிய கருவியே அனமார்பிக் வில்லை. உருளை வடிவக் கண்ணாடிகளைக் கொண்ட இது அகலத்தைப் பாதியாகச் சுருக்குகிறது; உயரத்தைத் தொடுவதில்லை. பிரெஞ்சு வானியலறிஞர் ஆன்றி கிரெத்தியேன் 1920களின் பிற்பகுதியில் ‘ஹைப்பர்கோனார்’ என்னும் பெயரில் இதனை உருவாக்கினார். இன்று பெருந்தொலைநோக்கிகள் பலவற்றுக்கும் அடிப்படையான ஆடியமைப்பு ஒன்றிலும் இவருடைய பெயர் இடம்பெற்றிருக்கிறது. கால் நூற்றாண்டுக் காலம் பெரிதும் கேட்பாரற்றுக் கிடந்த அவ்வில்லையை, தொலைக்காட்சியின் வரவால் கலங்கிய ஹாலிவுட்டின் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் பெற்று, ‘சினிமாஸ்கோப்’ என்று பெயரிட்டு, 1953 செப்டம்பரில் ‘தி ரோப்’ படத்துடன் உலகிற்கு அறிமுகப்படுத்தியது. குறுந்தட்டிலும் இதே அமுக்கும் உத்தி வேறு விகிதத்தில் கையாளப்படுகிறது. அன்று நாம் கண்ட மெலிந்த மன்னர் விரிக்கப்படாத மன்னர். பழுது படத்தினுடையது அன்று.

இந்தியாவில் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத் இயக்கிய ‘காகஸ் கே பூல்’ (1959). அதன் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரானார். அப்படம் வணிக அளவில் தோற்றது. தமிழில் அகலத்திரை வருவதற்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின. சென்னை அண்ணாசாலையில் ஆனந்த் திரையரங்கை நடத்திய ஜி. உமாபதி தயாரிக்க, ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் ‘ராஜராஜ சோழன்’ 1973 மார்ச் 31 அன்று வெளிவந்தது. தயாரிப்பாளர் ஒரு திரையரங்க உரிமையாளர் என்பது தற்செயல் அன்று எனக் கருதலாம். அகலத்திரை முதலில் ஒரு கட்டடத்தின் செய்தி. அதன்பிறகே கலையின் செய்தி. திரையை அகலப்படுத்தி, படவீச்சுக் கருவியில் விரிவில்லை பொருத்தினாலன்றி அத்தகைய படத்தைக் காட்ட இயலாது. அன்றைய சிற்றூர்த் திரையரங்குகளுக்கு இது சிறிய செலவு அன்று.

இங்கே ஒரு முரண் உண்டு. தமிழ்ச் சுவரொட்டிகளில் ‘சினிமாஸ்கோப்’ என்ற சொல் பெருமையுடன் ஏறியபோது, அச்சொல்லின் உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனமே 1967 அளவில் அதனைக் கைவிட்டு பானாவிஷன் வில்லைகளுக்கு மாறிவிட்டிருந்தது. பெயர் ஓரிடத்தில் இறந்து வேறிடத்தில் பொதுச்சொல்லாயிற்று. தமிழில் ‘ஸ்கோப் படம்’ என்னும் வழக்கு இன்றும் வாழ்கிறது.

அகலத்திரைக்கு ஏன் ஒரு சோழ மன்னர் தேர்ந்தெடுக்கப்பட்டார்? அரு. ராமநாதன் எழுதி, டி. கே. எஸ். சகோதரர்கள் 1950களில் மேடையேற்றிய நாடகமே இப்படத்தின் மூலம். நாகராஜனும் அக்குழுவில் வளர்ந்தவர். ஆகவே புதுக் கருவிக்கு அவர் கொண்டுவந்தது தமக்கு நன்கு பழகிய மேடையை. தெலுங்கின் முதல் ஸ்கோப் படம் ‘அல்லூரி சீதாராம ராஜு’ (1974) ஆங்கிலேயரை எதிர்த்த வீரரின் கதை. மலையாளத்தில் ‘தச்சோளி அம்பு’ (1978) வடக்கன் பாட்டு மரபில் வந்த வீரனின் கதை. கிடைத்த அகலத்தில் ஒவ்வொரு மொழியும் தன் தலைமகனை நிறுத்த விரும்பியதாகத் தோன்றுகிறது. கன்னடத்தில் 1977இல் வந்த ‘சொசெ தந்த சௌபாக்ய’ குடும்பக் கதையாதலின் இவ்வரிசையில் சேராது. விதி என்று நாம் வலியுறுத்தவும் இல்லை.

படத்தைக் குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் குறை, அது ‘நாடகத்தனமானது’ என்பது. மாந்தர் வரிசையாக நிற்கின்றனர், நேர்முகமாகப் பேசுகின்றனர், கேமரா மிகுதியும் ஒதுங்கி நின்று காண்கிறது. இக்குறையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இதனை முற்றிலும் இயக்குநரின் மனப்பழக்கமாக மட்டும் காண்பது பொருந்தாது. வில்லைக்கும் இதில் பங்குண்டு. தொடக்ககால அனமார்பிக் வில்லைகள் பொருள் நெருங்க நெருங்கத் தம் அமுக்கும் ஆற்றலில் குறைந்தன. திரையில் விரிக்கும்போதோ முழு அளவில் விரிந்தது. விளைவு, அண்மைக் காட்சியில் முகம் வீங்கித் தெரிந்தது. ஹாலிவுட்டார் இதனைப் பொன்னுக்குவீங்கி நோயோடு ஒப்பிட்டு எள்ளினர். பானாவிஷன் நிறுவனம் 1950களின் இறுதியில் இதற்குத் தீர்வு கண்டது எனினும், அகலத்திரையில் முகத்தை நெருங்கக் கூடாது என்னும் எச்சரிக்கை பல நாட்டுக் கலைஞர்களிடையே நீண்டகாலம் நிலவியது. இப்போது இதனைச் சிவாஜி கணேசனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். புருவத்திலும் கன்னத்தசையிலும் இதழோரத்திலும் நடிப்பை வைத்திருந்த கலைஞர் அவர். முகத்தை நாடிச் செல்வதே தமிழ்க் கேமராவின் இருபதாண்டுப் பழக்கமாயிருந்தது. முகத்திலிருந்து விலகி நிற்கத் தூண்டும் வில்லையின் முன் அக்கலைஞர் தம் மேடைக்காலத்து உடல்மொழிக்கும் குரலுக்கும் திரும்பியதில் வியப்பில்லை. நாடகத்தனம் என்று நாம் சுட்டுவதில் ஒரு பகுதி, கண்ணாடியின் வளைவிலிருந்து வந்தது.

குவியத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஒரே அகலத்தைப் பிடிக்க, சாதாரண வில்லையைப்போல் இருமடங்கு குவியத்தூரம் கொண்ட அனமார்பிக் வில்லை தேவைப்படுகிறது. அதனால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைகிறது. நடிகர் ஓரடி முன்வந்தாலும் மங்கிவிடுவார். பழைய அமைப்பில் உள்வில்லை, முன்வில்லை ஆகிய இரண்டையும் தனித்தனியே குவியப்படுத்த வேண்டியிருந்தது. இரு வளையங்களையும் ஒருசேரத் திருப்புவது உதவியாளரின் கைத்திறன். நாடா கொண்டு தரையில் தூரம் அளந்து, சுண்ணக்கட்டியால் குறியிட்டு, நடிகரின் காலடியைப் பார்த்துக்கொண்டே அவர் வளையத்தைத் திருப்புவார். இன்று அவ்வளையத்தைச் சிறு மின்பொறி திருப்புகிறது. உதவியாளர் சற்றுத் தொலைவில் கம்பியில்லாக் கருவியுடன் அமர்ந்திருக்கிறார். மின்பொறியை உள்ளேயே கொண்ட வில்லைகளும் வந்துவிட்டன. பொறி கையை விடுவித்ததே தவிரக் கண்ணை விடுவிக்கவில்லை. ‘தமிழின் முதல் சினிமாஸ்கோப்’ என்று பொது அறிவு வினாவிடைகளில் ஒரு வரியாக நாம் மனனம் செய்விக்கும் செய்திக்குப் பின்னால் இத்தகைய கைகள் இருந்தன. நடிகர் தாம் நின்ற குறியை விட்டு அசையாமல் நீண்ட வசனம் பேசுவதற்கும் இது ஒரு காரணமாயிருக்கக்கூடும்.

மலேசியத் தமிழர்க்கு இப்படம் வெறும் படமாக இருந்ததில்லை. ராஜராஜனின் காலத்தில்தான் ஸ்ரீவிஜய மன்னரின் கொடையால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. நட்பு கசந்து, 1025 அளவில் ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. பண்டார் தெங்காராவுக்கும் இக்கதையில் ஓரளவு தொடர்புண்டு. இந்தியாவிலிருந்து வந்த மன்னன் ஒருவன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை கொண்ட நகரொன்றை வென்றதாக ‘செஜாரா மெலாயு’ சொல்கிறது. பண்டார் தெங்காராவுக்கு அருகிலுள்ள லிங்கியு வட்டாரத்தோடு அந்நகரை இணைத்து ‘கோத்தா கெலாங்கி’ என்ற பெயர் 2005இல் நாளிதழ்களில் பெரிதாக அடிபட்டது. உறுதியான தொல்லியல் சான்று ஏதும் நிறுவப்படவில்லை. அன்று பயிலரங்கில் ஆசிரியர்கள் படத்தைவிட இச்செய்தியிலேயே மிகுந்த ஆர்வம் காட்டினர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவர்கள் அறிந்திருந்த ‘ராஜராஜ சோழன்’ எது? பெரும்பாலோர் அதனைத் திரையரங்கில் கண்டவரல்லர். ஒளிநாடாவிலும் தொலைக்காட்சியிலும் கண்டவர்கள். 2.35க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்ட படத்தை 4க்கு 3 விகிதத் தொலைக்காட்சி முழுவதும் நிறையும்படி காட்டினால், அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு வெட்டுண்டு போகிறது. மன்னனும் மகனும் எதிரெதிர்க் கோடிகளில் நின்று வாதிடும்போது, பேசுபவன் மட்டுமே தெரிகிறான், கேட்பவன் இல்லை. அகலத்திரையின் பொருளே, பேசுவோரையும் கேட்போரையும் ஒரே நேரத்தில் காட்டுவதன்றோ? அது போனபின் எஞ்சுவது வசனம். அவ்வசனத்தைப் படியெடுத்துத் ‘திரைத்தமிழ்’ என்று ஆய்வேடுகள் எழுதினோம், நாமும் எழுதினோம். பிறகு படம் நாடகத்தனமானது, வசனம் மட்டுமே உள்ளது என்று தீர்ப்பும் வழங்கினோம்.

ஏட்டுச்சுவடியின் ஓரம் முறிந்திருந்தால் அவ்விடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவது பதிப்பாசிரியரின் கடமை என நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. செல்லரித்த சீரை ஊகத்தால் நிரப்புபவர் கண்டிக்கப்படுகிறார். பாதியளவு ஓரம் வெட்டப்பட்ட திரைப்படத்தை மேற்கோள் காட்டும்போது எந்தப் புள்ளியும் இடுவதில்லை. எந்தப் படியைப் பார்த்தோம், அதன் அகல விகிதம் என்ன, முழுமையானதா என்னும் மூன்று செய்திகளை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சேர்க்கும்படி மாணவர்களைக் கேட்கத் தொடங்கியுள்ளோம். சிலர் இதனைப் பொறியியல் துறையின் வேலை என்கின்றனர்.

உமாபதியின் ஆனந்த் திரையரங்கு இன்று இல்லை. சோழர் மீண்டும் ‘பொன்னியின் செல்வன்’ (2022) வழியாக அகலத்திரைக்கு வந்தபோது, ஐமாக்ஸ் அரங்குகளில் வெளியான முதல் தமிழ்ப் படம் என்னும் பெருமையுடன் வந்தனர். ‘முதல்’ என்ற சொல்லின் மீது நமக்குள்ள பற்று மாறவில்லை.

பண்டார் தெங்காராவில் அன்று பிற்பகல் படவீச்சுக் கருவியின் அமைப்பை ஒருவாறு சரிசெய்தோம். திரையின் மேலும் கீழும் கருநிறப் பட்டைகள் தோன்றின. மன்னர் தம் உண்மை உடலைப் பெற்றார். அவையினர் திரும்பி வந்தனர். பின்வரிசையிலிருந்த ஆசிரியர் ஒருவர் கைதூக்கி, திரையின் மேலும் கீழும் இவ்வளவு இடம் வீணாகிறதே, நிரப்ப இயலாதா என்று கேட்டார்.