சக்கரவர்த்திக்கு ஓட்டுப் போட்டவர்கள்

'ஸ்பேஸ் ஆப்பரா' என்ற பெயர் ஒரு வசையாகத்தான் பிறந்தது. சோப்புக் கம்பெனிகளின் தயவில் ரேடியோவில் ஓடிய குடும்பத் தொடர்களை அமெரிக்காவில் 'சோப் ஆப்பரா' என்றார்கள். அதையொட்டி, அரைத்த மாவையே அரைக்கும் ராக்கெட் கதைகளுக்கு வில்ஸன் டக்கர் என்ற எழுத்தாளர் 1941இல் வைத்த பெயர் இது. வசை பின்னால் வகையின் பெயராக நிலைத்துவிட்டது. அந்த வகையின் வில்லன் ஒருவனைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் பால்படீன் ஆழமான பாத்திரம் என்று நான் வாதாடப் போவதில்லை. அவனுக்கு அகம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஆனால் அவன் ஏறிப் போன படிகள் கவனத்துக்குரியவை. அவற்றை ஒரு சரித்திரமாக வாசித்துப் பார்க்கலாம்.

1

இவ்வகைக் கதைகளில் கொடுங்கோலன் பெரும்பாலும் பிறப்பால் வருகிறான். இல்லையென்றால் படையெடுத்து வருகிறான். ஐஸக் அஸிமாவ் வேறொரு வழியைக் கண்டார். கிப்பனின் ரோமானிய வீழ்ச்சிச் சரித்திரத்தை மனதில் வைத்து அவர் எழுதிய 'ஃபவுண்டேஷன்' வரிசையில், 1945இல் வெளிவந்த கதை ஒன்றில் ம்யூல் என்பவன் வருகிறான். மனிதர்களின் உணர்ச்சிகளையே மாற்றிவிடும் சக்தி படைத்தவன். அவன் மனம் வைத்தால் நேற்றைய எதிரி இன்று பக்தன். அங்கே தோற்றவர்கள்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. அவர்களுடைய மனம் அவர்களிடம் இருக்கவில்லை.

பால்படீனுக்கும் மந்திர சக்தி உண்டு. ரகசியத்தில் அவன் டார்த் ஸிடியஸ் என்ற ஸித் மார்க்கத்தின் குரு. விரல் நுனியிலிருந்து மின்னல் பாய்ச்சுகிறவன். ஆனால் ஸெனட் சபையை வளைப்பதற்கு அந்தச் சக்தியை அவன் பிரயோகித்ததாகப் படங்கள் எங்கும் காட்டவில்லை. அங்கே அவனுக்கு அது தேவைப்படவில்லை. தீர்மானங்கள் போதுமானவையாக இருந்தன.

2

முதல் படி, 1999இல் வந்த படத்தில். வாணிப மார்க்கங்களுக்கு வரி விதிப்பதில் தகராறு. வணிகக் கூட்டமைப்பு ஒன்று நபூ என்ற சிறு கிரகத்தைக் கப்பல்களால் முற்றுகையிடுகிறது. கூட்டமைப்பைப் பின்னாலிருந்து ஏவுகிறவன் ஸிடியஸ். நபூவுக்காக ஸெனட்டில் கண்ணீர் விடுகிறவன் பால்படீன். இருவரும் ஒருவரே. நியாயம் கேட்டுத் தலைநகரத்துக்கு வரும் பதினாலு வயது ராணி பத்மே அமிடாலாவிடம் அவன் சொல்வது இவ்வளவுதான்: சான்ஸலர் வலோரம் நல்லவர், ஆனால் அதிகாரம் அதிகாரிகளின் கையில் இருக்கிறது. இதில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் விசேஷம். ராணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறாள். அடுத்த சான்ஸலராகப் பால்படீன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். தன் மக்களைக் காப்பாற்ற வந்த ஒரு சிறுமியின் நியாயமான கோபம் அவனுக்கு முதல் ஏணி.

இரண்டாவது படி, 2002இன் படத்தில். பத்து வருஷங்கள் கழிந்திருக்கின்றன. கவுண்ட் டூக்குவின் தலைமையில் பல கிரகங்கள் பிரிந்துபோகத் துடிக்கின்றன. குடியரசுக்குச் சொந்தப் படை வேண்டுமா என்ற மசோதா. எதிர்ப்பவர்களில் முக்கியமானவள் இப்போது ஸெனட்டராகிவிட்ட பத்மே. அவளைக் கொல்ல முயற்சி நடக்கிறது. பாதுகாப்புக்காகத் தலைநகரத்தை விட்டு அனுப்பப்படுகிறாள். அவள் இல்லாத சபையில், அவளுடைய இடத்தில் அமர்ந்திருக்கும் ஜார் ஜார் பிங்ஸ் எழுந்து சான்ஸலருக்கு அவசரகால அதிகாரங்கள் வழங்க வேண்டும் என்று முன்மொழிகிறான். சபை ஆரவாரிக்கிறது. பால்படீன் மிகுந்த தயக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறான். நெருக்கடி தீர்ந்ததும் அதிகாரங்களைத் திருப்பித் தந்துவிடுவதாக வாக்குக் கொடுக்கிறான். படை? அது ஏற்கனவே தயார். பத்து வருஷத்துக்கு முன்பே ஒரு ஜெடையின் பெயரில் ஆர்டர் கொடுக்கப்பட்டு, கமினோ என்ற கிரகத்தில் இரண்டு லட்சம் நகல் வீரர்கள் வளர்ந்து நிற்கிறார்கள். ஒப்புதல் வந்த பிறகு தயாரிப்பதில்லை, தயாரித்துவிட்டு ஒப்புதல் வாங்குவது. எந்த ஆபீஸிலும் நடக்கிற காரியம்.

ஜார் ஜார் பிங்ஸ் 1999இல் ரசிகர்கள் வெறுத்து ஒதுக்கிய கோமாளி. அவனிடம் லூகாஸ் இந்தத் தீர்மானத்தைக் கொடுத்தார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்தப் படங்களின் ஆகச் சிறந்த முடிவு இது என்பேன். குடியரசைக் கவிழ்க்கும் தீர்மானத்தை முன்மொழிய வில்லனுக்கு ஒரு அயோக்கியன் தேவைப்படவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒருவன் போதும்.

மூன்றாவது படி, 2005இல். பதவிக் காலம் என்றோ முடிந்துவிட்டது. ஸெனட்டே வற்புறுத்தி அவனை வைத்துக்கொண்டிருக்கிறது. யுத்தம் மூன்று வருஷமாக நடக்கிறது. அவன் யார் என்று கண்டுகொண்ட ஜெடைகள் கைது செய்ய வருகிறார்கள். அந்த மோதலில் சிதைந்த முகத்தோடு அவன் சபைக்கு வந்து, ஜெடைகளின் சதி முறியடிக்கப்பட்டது, பாதுகாப்புக்காகக் குடியரசு இனி சாம்ராஜ்யமாக மாற்றி அமைக்கப்படும் என்று அறிவிக்கிறான். சபை எழுந்து கைதட்டுகிறது. சுதந்திரம் சாகும்போது எழுந்த சத்தம் இதுதான் என்று பத்மே கவனிக்கிறாள்.

நான் வங்கியில் குமாஸ்தா. போலிக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல, பழகினால் வந்துவிடும். ஒரு ஃபைலில் எல்லாக் கையெழுத்தும் அசலாக, எல்லா முத்திரையும் சரியான இடத்தில், தேதி பிசகாமல் இருந்து, பணம் மட்டும் போய்விட்டிருக்கும் பாருங்கள், அதுதான் ஆடிட்டரைத் திணற அடிக்கும். யாரைப் பிடிப்பது? பரிந்துரைத்தவரையா, சரிபார்த்தவரையா, அனுமதித்தவரையா? ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்த கையெழுத்தை நம்பித் தன் கையெழுத்தைப் போட்டிருப்பார். பால்படீனின் ஃபைல் அப்படிப்பட்டது.

3

சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பால்படீன் என்ற பெயரின் ஒலியே ரோமின் பாலடைன் குன்றை நினைவுபடுத்துகிறது. அகஸ்டஸின் வீடு அந்தக் குன்றில்தான் இருந்தது. கி.மு. 27 ஜனவரியில் அவர் ஸெனட்டுக்கு வந்து தன் அதிகாரங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தார். ஸெனட் கெஞ்சியது. படைகள் நிறைந்த மாகாணங்களைப் பத்து வருஷத்துக்கு மட்டும் என்று ஏற்றுக்கொண்டார். பத்து வருஷங்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போயின. கான்சல்கள் ஆண்டுதோறும் பதவியேற்றார்கள். குடியரசு ஒழிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை.

1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் பாராளுமன்றக் கட்டிடம் எரிந்தது. மறுநாளே அவசரச் சட்டம், அடிப்படை உரிமைகள் ரத்து. மார்ச் 23 அன்று, கட்டிடம் இல்லாததால் க்ரோல் ஆப்பரா அரங்கில் கூடிய சபை, சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் மந்திரிசபைக்கு எழுதிக் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சபைக்கு வர முடியாதபடி செய்யப்பட்டிருந்தார்கள். சீருடை அணிந்த அடியாட்கள் அரங்கில் நின்றார்கள். எதிர்த்துப் பேசியவர் ஸோஷல் டெமாக்ரட் தலைவர் ஓட்டோ வெல்ஸ் ஒருவர்தான். அந்தச் சட்டத்துக்கு ஆயுள் நான்கு வருஷம் என்றுதான் எழுதியிருந்தது. 1937இல் நீட்டித்தார்கள். வைமர் அரசியல் சட்டம் கடைசிவரை முறைப்படி ரத்து செய்யப்படவே இல்லை.

லூகாஸ் இவற்றை அறிந்துதான் எழுதினார். தற்காலிகம் என்ற சொல், தயங்குவதுபோல ஏற்றுக்கொள்வது, எதிர்ப்பவர் இல்லாத சபை, பழைய பெயர்களைக் கலைக்காமல் வைத்துக்கொள்வது எல்லாமே இங்கிருந்து போனவை. கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாம்ராஜ்யம் அறிவிக்கப்பட்ட பிறகும் ஸெனட் பத்தொன்பது வருஷம் கூடிக்கொண்டிருந்தது. 1977இல் வந்த முதல் படத்தில்தான் அது கலைக்கப்பட்ட செய்தி வருகிறது. கிரகத்தையே தூளாக்கும் ஆயுதம் தயாராகும்வரை காத்திருந்திருக்கிறார்கள். அதிகாரவர்க்கம் இல்லாமல் சக்கரவர்த்தி எப்படி ஆள்வார் என்று ஒரு தளபதி கேட்கிறான். இனி பயம் ஆளும் என்று பதில் வருகிறது. அதாவது, அதுவரை ஆண்டது குமாஸ்தாக்கள்.

4

இங்கேதான் எனக்கு லூகாஸோடு சண்டை.

அவருடைய முதல் சக்கரவர்த்தி வேறு ஆள். படம் வருவதற்கு முன்பே, 1976இல், அதன் நாவல் வடிவம் வெளிவந்தது. அட்டையில் லூகாஸின் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அதன் முன்னுரையில் பால்படீன் பேராசை பிடித்த ஒரு ஸெனட்டர். அதிகார தாகம் கொண்டவர்களும் பெரிய வர்த்தக நிறுவனங்களும் தாங்கிப் பிடிக்க, குடியரசின் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். பிறகு தன்னையே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டு அரண்மனைக்குள் அடைந்துவிடுகிறான். கடைசியில் அவனே நியமித்த துதிபாடிகள் அவனை ஆட்டிவைக்கிறார்கள். ஜனங்களின் குரல் அவன் காதில் விழுவதில்லை. மந்திரம் கிடையாது, மின்னல் கிடையாது. 1981இல் மூன்றாவது படத்துக்கான கதை விவாதத்தில், சக்கரவர்த்தி முன்பு ஜெடையாக இருந்தவனா என்ற கேள்விக்கு, இல்லை, அவன் ஒரு அரசியல்வாதி, பெயர் நிக்ஸன் என்று லூகாஸ் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் இந்தக் கதையை எழுதத் தொடங்கியது 1973இல். நிக்ஸன் ராஜினாமா செய்தது 1974 ஆகஸ்டில்.

அந்த அரசியல்வாதி 1983இல் காணாமல் போனான். இயன் மெக்டர்மிட் கறுப்பு முக்காட்டுக்குள்ளிருந்து பிரமாதமாக நடித்தார். ஆனால் நடித்தது ஒரு மந்திரவாதியை. மகனுக்காகத் தகப்பன் மனம் மாறும் கட்டத்துக்கு முழுமுற்றான ஒரு தீமை தேவைப்பட்டது. புராணத்தின் தேவை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1999இல் அரசியலுக்குத் திரும்பி வந்த லூகாஸ், மந்திரவாதியையும் கூடவே கொண்டுவந்தார். யுத்தத்தின் இரு பக்கத்தையும் ஒருவனே ஆட்டிவைக்கிறான். எல்லாம் முன்கூட்டியே போட்ட கணக்கு. இதனால் என்ன ஆகிறது? ஸெனட்டர்கள் ஏமாந்தவர்களாகிவிடுகிறார்கள். ஏமாந்தவன் நிரபராதி. சதிகாரன் செத்தால் கணக்கு முடிந்தது. ஊர் கூடி வாணவேடிக்கை விடலாம். நமக்கு மிகவும் ஆறுதலான சரித்திரம் இது. ஹிட்லர் என்ற ஒருவன் ஜெர்மனியை மயக்கிவிட்டான் என்று 1945க்குப் பிறகு பலர் சொல்லிக்கொண்டதும் இந்த ஆறுதலுக்காகத்தான்.

2005 படத்திலிருந்து வெட்டப்பட்ட காட்சிகள் சில உண்டு. பத்மே, பெய்ல் ஆர்கானா, மான் மோத்மா முதலான ஸெனட்டர்கள் ரகசியமாகக் கூடி, சான்ஸலரின் அதிகாரங்களைக் குறைக்கக் கோரி இரண்டாயிரம் பேர் சார்பில் மனுக் கொடுக்கிறார்கள். கதாநாயகனின் வீழ்ச்சிக்கு இடம் வேண்டி லூகாஸ் இதை எடிட்டிங் மேஜையில் தள்ளிவிட்டார். ஆக அந்தப் படத்திலும் எதிர்க்கட்சிக்கு இடமில்லை. மிஞ்சியது ஒரு சதிகாரனும் ஒரு கூட்டமும்.

இந்தக் குறையைப் பின்னால் வேறொருவர் நிவர்த்தி செய்தார். டோனி கில்ராய் உருவாக்கிய 'ஆண்டோர்' தொடரில் (2022, 2025) இருபத்துநாலு பகுதிகளிலும் சக்கரவர்த்தி ஒரு தடவைகூட முகம் காட்டுவதில்லை. முழுக்க ஆபீஸ்கள்தான். பதவி உயர்வுக்காக ஃபைல்களைத் துருவும் உளவுத்துறை அதிகாரிகள், மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் நிற்கும் இளைஞன். கடற்கரையில் நடந்துபோன ஒருவனைப் பிடித்துவந்து நிறுத்துகிறார்கள். முன்பு ஆறு மாதமாக இருந்த தண்டனை புதிய உத்தரவுப்படி ஆறு வருஷம். நீதிபதிக்கு இதில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அடுத்த கேஸைக் கூப்பிடவேண்டும். சிறையில் அவன் பூட்டும் உறுப்புகள் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. அந்த மாபெரும் ஆயுதத்துக்கு. 1976இன் முன்னுரையில் இருந்த சாம்ராஜ்யம் இதுதான். திரும்பி வர நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று.

5

பால்படீனின் எழுச்சியை அவனுடைய தந்திரத்தின் கதையாக வாசிப்பது சுலபம். ஆனால் மூன்று படங்களிலும் தந்திரத்துக்கு ஈடாக மறுபக்கத்தில் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது: ஓட்டுப் போட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பயந்தவர்கள்கூட அல்ல. கூட்டம் முடிந்தால் சரி என்றிருந்தவர்கள். அவசரநிலை என்ற சொல் நம் காதுக்கும் புதிதல்ல. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரகடனம் செய்தவரைப் பற்றியே பேசுகிறோம்.

2005இல் அந்தக் கைதட்டல் காட்சியைப் பார்த்தபோது நான் பள்ளி மாணவன். அந்த ஸெனட்டர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நண்பர்களிடம் சொன்னேன். பல வருஷம் கழித்து, வேலைக்கு வந்த பிறகு, ஒரு சங்கத்தின் பொதுக்குழுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. அது தீரும்வரை கமிட்டியைக் கூட்டாமலே முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு நிர்வாகிக்கு வழங்கப்படுகிறது என்று தீர்மானம் வாசித்தார்கள். முன்மொழிந்தவர் எல்லோருக்கும் வேண்டிய, சூதுவாது தெரியாத மனிதர். தகராறு சில மாதங்களில் தீர்ந்துபோயிற்று. தீர்மானம் இன்னும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. கமிட்டி அதன்பிறகு கூடியதாக எனக்கு நினைவில்லை.

கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என்னை யாரும் மயக்கவில்லை, மிரட்டவில்லை. மணி ஒன்பதாகிவிட்டிருந்தது. ஒன்பது இருபதுக்குக் கடைசி பஸ்.