தல மரமும் ஊர்ச்சபையும்: தில்லைவனம் முதல் கிரியான் ஆற்றங்கரை வரை

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் சிறப்புற அமைந்த இடத்தையே தமிழர் திருத்தலம் எனப் போற்றினர். இம்மூன்றுடன் தல மரம் என்னும் நான்காவது ஒன்றையும் சேர்த்து வணங்கினர். மூர்த்திக்குரிய பூசைகளைச் செய்யச் சிவாச்சாரியார் உண்டு. தலத்தைப் பராமரிக்க ஆலய நிர்வாகம் உண்டு. தீர்த்தத்தையும் மரத்தையும் காக்க வேண்டியவர் யார்? இவ்வினாவிற்குத் தமிழர் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகின்றது.

மரத்தின் பெயர் தாங்கிய ஊர்கள்

திருவாலங்காடு ஆலமரத்தால் பெயர் பெற்றது. மதுரைக்குக் கடம்பவனம் என்றும், திருநெல்வேலிக்கு வேணுவனம் என்றும் பெயருண்டு. காஞ்சி ஏகாம்பரநாதர் ஆலயத்தின் தல மரம் மா. திருவானைக்காவின் தல மரம் வெண்ணாவல். இறைவன் உறையும் மரம் எனப் போற்றப்பட்டதனாலேயே கோடரிக்குத் தப்பிய மரங்கள் தமிழகத்தில் பல.

இவ்வரிசையில் தலையாயது சிதம்பரம். சைவர்கள் ‘கோயில்’ என்று மட்டுமே சொல்லி உணர்த்தும் அத்தலத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது கடற்கழியின் ஓரத்தில், உவர்நீர் வந்து செல்லும் நிலத்தில் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். வியாக்கிரபாதரும் பதஞ்சலியும் தவமியற்றியதாகப் புராணம் கூறும் தில்லைவனம், இன்றைய வழக்கில் சொன்னால் ஓர் அலையாத்திக் காடு. மலேசியத் தமிழர் பாக்காவ் காடு என்று சொல்வதும் இவ்வகைக் காட்டையே.

தில்லை மரம் மலேசியக் கரையிலும் வளர்கின்றது. மலாய் மக்கள் அதனைப் ‘பூத்தா பூத்தா’ என்பர். பூத்தா என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குருடு என்பது பொருள். கடலால் பிரிந்த இரு மக்களும் ஒரு மரத்தின் இயல்பை ஒன்றுபோலவே அறிந்திருந்தனர்.

நிபோங் திபாலும் மரத்தின் பெயர் தாங்கிய ஊரே. நிபோங் என்பது அலையாத்திக் காட்டின் பின்புறத்தில் செழிக்கும் முட்பனை. வீட்டுக் கால்களுக்கும் மீன்பிடிக் கழிகளுக்கும் பயன்பட்ட இம்மரம் அடர்ந்து நின்ற இடமே ‘நிபோங் திபால்’ ஆயிற்று. தில்லையும் நிபோங் திபாலும், பெயரளவில், ஒரே வகைக் கரையின் பிள்ளைகள்.

வணக்கம் மட்டும் காக்கவில்லை

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் உள்ளது பிச்சாவரம். தில்லைவனத்தின் எச்சமாகக் கருதப்படும் காடு இதுவே. தில்லையின் பெயரைச் சொல்லாத நாள் இல்லை என வாழ்ந்த மக்களின் அருகிலேயே, 20ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் இக்காட்டின் பகுதிகள் முறைவைத்து மொத்தமாக வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் வெயில் நேரே பட்டுச் சேறு உலர்ந்தது, தரை தாழ்ந்தது. ஓதம் பெருகும்போது புகுந்த கடல்நீர், வடியும்போது திரும்ப வழியின்றிப் பள்ளங்களில் தேங்கியது. நீர் ஆவியாகிட, உப்பு மட்டும் மிஞ்சியது. அங்கு விழுந்த வித்துகள் முளைக்கவில்லை.

இவ்வழிவுக்குக் கரையோர மக்களின் விறகுத் தேவையும் கால்நடைகளுமே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்குச் சென்றபோது, வனத்துறையினரையும் மீனவரையும் கழிநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியினரையும் ஒன்றாக அமர்த்திப் பேசினர். கிராமந்தோறும் குழுக்கள் அமைந்தன. நீர் தேங்குவதே உண்மை நோய் என்பது தெளிவாயிற்று. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஓதம் மீண்டும் வந்து சென்றது. நட்ட நாற்றுகள் தழைத்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது அதன் பயன் தெரிந்தது. கடலூர் மாவட்டக் கரையில் மரச்செறிவு மிக்க இடங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை 2005இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை எடுத்துக்காட்டியது. பக்தி தில்லையின் பெயரைக் காத்தது. கூடிப் பேசியதே காட்டை மீட்டது.

சபை கூடிய மரபு

கூடிப் பேசி இயற்கையைக் காப்பது தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் ஆலயச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை உரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர். ஊரின் நீருக்குப் பொறுப்பேற்றவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவ்விதியின் உட்கிடை. அது பொறிக்கப்பட்ட இடமோ ஆலயச் சுவர்.

கிரியான் கரையின் கதை

இம்மரபின் வழிவந்தோரே 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து செபராங் பிறைக்கு வந்தனர். கலிடோனியா முதலிய கரும்புத் தோட்டங்களுக்காகச் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டிக் கரை கட்டிய கைகளுள் தமிழர் கைகள் மிகுதி. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. பின்னர் கரும்பு மறைந்து ரப்பரும் தென்னையும், அவற்றையடுத்துச் செம்பனையும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் காடு சுருங்கியது. பிறர் பணித்ததைச் செய்த தொழிலாளரைப் பழிக்க இடமில்லை. ஆயினும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்நிலத்தின் மீது ஒரு கடன் உண்டு. அரச மரத்தடியிலும் வேப்ப மரத்தடியிலும் அவர்கள் நாட்டிய சிறு கோயில்களே இன்றைய ஆலயங்கள் பலவற்றின் வேர்.

எஞ்சிய காட்டைக் காக்க முதலில் எழுந்தவர்கள் மீனவர்களே. 1994இல் உருவான பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர், இறால் பண்ணைகளுக்காகக் காடு அழிந்தபோது மீன்வளம் குன்றியதைத் தம் வலையிலேயே கண்டவர்கள். 1997 முதல் அவர்கள் பாக்காவ் நாற்றுகளை நட்டு வருகின்றனர். நிபோங் திபாலை அடுத்த சுங்கை ஆச்சே அவர்கள் பணியாற்றும் இடங்களுள் ஒன்று. பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட 2004ஆம் ஆண்டுப் பேரலை, அம்மரங்களின் அருமையை அனைவருக்கும் உணர்த்தியது.

கிரியான் ஆற்றின் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் ஒளிர்கின்றன. அவற்றின் புழுக்கள் கரையோர ஈர மண்ணில் நத்தைகளை உண்டு வளர்பவை. கரை அழிந்தாலும், நஞ்சு கலந்தாலும், அவ்விளக்குகள் அணையும். 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் மூண்ட தீயின் புகை சுற்றுவட்டார மக்களை வருத்தியதும், ஊர் கழித்த குப்பை ஊருக்கே திரும்பும் என்பதைக் காட்டியது.

ஆற்றின் கணக்கு

திருவிழாவில் ஆற்றுக்குச் செல்லும் மாலைகளுடன் நெகிழிப் பைகளும் செல்லுமாயின், தீர்த்தத்தை வணங்கும் கையே தீர்த்தத்தை மாசுபடுத்துகின்றது. இதனைத் தடுக்க அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதுபோல், ஆற்றின் கணக்கும் வாசிக்கப்பட வேண்டும். இவ்வாண்டு கரையில் நட்ட மரங்கள் எத்தனை, அவற்றுள் பிழைத்தவை எத்தனை, விழாவில் சேர்ந்த குப்பை எங்கே சென்றது என உறுப்பினர் கேட்க வேண்டும். நிர்வாகம் விடையளிக்க வேண்டும். ஆற்றின் நிலையைப் பக்தரினும் நன்கறிந்தவர் மீனவர். அவர் எம்மதத்தவராயினும் அவ்வவையில் அவருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

உத்திரமேரூர்ச் சபையோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்ததும், பிச்சாவரத்து மக்கள் அண்மைக் காலத்தில் செய்ததும் இதுவே. நிபோங் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் அம்மரம் பெயரளவில் மட்டும் நில்லாது, கரையிலும் நிற்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.