முப்புரியைக் காக்கும் ஓர் அணு

பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனை (1922-2001) நம்மவர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர் கண்டது என்ன என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல ஒரு பழைய கப்பல் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1747ம் ஆண்டு. 'ஸாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயக் கப்பலில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய். ஈறுகளில் ரத்தம் கசியும், பற்கள் ஆடும், ஆறிய புண்கூட மீண்டும் திறந்துகொள்ளும். மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 பேரை ஆறு ஜோடிகளாகப் பிரித்து ஆறுவித சிகிச்சை அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். காரணம் அவருக்குத் தெரியாது.

தோல், எலும்பு, ஈறு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது கொலாஜன் என்ற புரதம். 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது பூணூலைப்போல் மூன்று இழைகள் முறுக்கிய முப்புரி என்று கண்டு, 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

இழை உருவான பிறகு, அதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலம் பலவற்றில் நம் உடல் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் செருகுகிறது. அப்போது அது ஹைட்ராக்ஸிபுரோலின் ஆகிறது. இதைச் செய்யும் என்ஸைமுக்கு இரும்புச்சத்து வேண்டும். அந்த இரும்பு செயலிழக்காமல் காப்பது வைட்டமின் ஸி. இந்த மாற்றம் நடக்காத முப்புரி சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும் என்று 1973ல் தெரியவந்தது. நம் உடல் வெப்பமோ 37 டிகிரி. மாலுமிகளின் ஈறு தளர்ந்த ரகசியம் இதுவே.

அதே 1973ல் ராமச்சந்திரன், மஞ்சு பன்ஸல், பட்நாகர் மூவரும், அந்த ஆக்ஸிஜன் ஒரு நீர் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு இழைகளைப் பிணைக்கிறது என்றனர். 1998ல் வெளியான அமெரிக்க ஆய்வு, நீரைவிட, எலக்ட்ரான்களை ஆக்ஸிஜன் தன்பால் இழுப்பதே முக்கியக் காரணம் என்று காட்டியது. இதனால் அவர் பெருமை குறையவில்லை என்பது என் கருத்து. முப்புரி வடிவம் தெரிந்திராவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

வைட்டமின் ஸி-யை நம் உடல் தயாரிப்பதில்லை, உணவிலிருந்துதான் பெறவேண்டும். தனியே வசிக்கும் பெரியவர்கள் பலர் மோர் சாதமும் ஊறுகாயுமாகவே நாளை ஓட்டுகிறார்கள். துவாதசி பாரணைக்கு மட்டும் சேர்க்கும் நெல்லிக்காயை மற்ற நாட்களிலும் பச்சையாக அரைத்துப் பச்சடி செய்து உண்ணலாமே!